எட்டு இலை நேரம்

அக்காவின் முகவாய்க்கட்டையைத்தான் உலகம் அறியும். அதற்குக் கீழே மெல்லிய ஒரு சங்கிலி, மடியில் சுளகு, சுளகில் கீரை, கீரைக்கு மேலே இரண்டு கைகள். படத்தில் விழுவது அவ்வளவுதான். அந்தக் கைகளைப் பார்க்க ஒவ்வொரு நாளும் காலை பதினோரு மணிக்கு மஸ்கட்டிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் ஆட்கள் நேரலைக்கு வந்து சேருவார்கள். வந்து, அவரவர் வீட்டில் அவரவர் கீரையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

"ஆயலாம், வாங்க" என்பார் அக்கா. பிறகு ஆய்வார்.

நிகழ்ச்சி முழுவதும் இதுதான். பாட்டு கிடையாது. சமையல் குறிப்பு கிடையாது. கீரை கண்ணுக்கு நல்லது, இரத்தத்துக்கு நல்லது என்ற பேச்செல்லாம் கிடையாது. பழுத்த இலை ஒரு பக்கம், நல்ல இலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம். முக்கால் மணி நேரம் கழித்துச் சுளகைத் தட்டி, "ஆஞ்சாச்சு. அடுப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அணைத்துவிடுவார். முதல் தடவை என் போனில் அதைப் பார்த்தபோது, இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று இருபது நிமிடம் காத்திருந்தேன். அந்த இருபது நிமிடத்தில் என்னிடம் இருந்த அரைக்கீரைக் கட்டு முழுவதையும் நான் ஆய்ந்து முடித்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் அந்த வீட்டு மாடிக்கு நாங்கள் குடிபோனபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. கீழ்வீட்டில் அக்கா. கீழ்வீட்டுக்குள் போன் சிக்னல் எட்டாது. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் தளம் உண்டு, அங்கே வந்தால்தான் கிடைக்கும். அக்கா அங்கே சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிரே மேலேறும் இரண்டாவது படியில் ஒரு தூக்குவாளியை வைத்து, அதில் போனைச் சாய்த்துக்கொள்வார். ஆகவே எங்கள் வீட்டுக்கு யார் ஏறினாலும் இறங்கினாலும் அவர்களுடைய கால்கள் நேரலையில் போய்விடும். சிலிண்டர் வந்தால் இடைவேளை. என் கணவருக்கு ஷிப்ட் வேலை. பேண்ட்டை இரண்டு சுற்று மடித்துக்கொண்டு அவர் இறங்கினால், "கால் அண்ணாச்சி கெளம்பியாச்சு" என்று ஷார்ஜாவிலிருந்து எழுதுவார்கள். ஒரு நாள் புதுச் செருப்பு போட்டிருந்தார். நான்கு நாடுகளிலிருந்து வாழ்த்து வந்தது.

"மொகத்தக் காட்டுங்கக்கா" என்று தினமும் யாராவது கேட்பார்கள்.

"எதுக்கு? மொகத்த வச்சா கீரை ஆயுதேன்?" என்பார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இது ஆரம்பித்ததே ஒரு தவறினால்தான். அக்காவின் தங்கை மஸ்கட்டில் இருந்தார். இரண்டு பேரும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே காய்கறி நறுக்குவது வழக்கம். ஒரு நாள் அக்கா எதையோ மாற்றி அழுத்த, அது ஊரே பார்க்கும்படி ஓட ஆரம்பித்துவிட்டது. திரையில் பெயர் பெயராக வருகிறது. அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஏட்டி, உன் வீட்டுல இன்னைக்கு விருந்தா? இம்புட்டுப் பேரு வந்துருக்காவ" என்று தங்கையைக் கேட்டிருக்கிறார். தங்கை வீட்டுக்கு வந்தவர்களை விசாரிக்காமல் இருந்தால் மரியாதையா? ஒவ்வொருவரையும் "வாங்க, சாப்பிட்டீங்களா" என்று கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்திருக்கிறார். பதினோரு பேர். மறுநாள் தங்கை அழைத்துச் சொன்னார்: "எக்கா, அந்தப் பதினோரு பேரும் ஒன்னயத் தேடுதாவ."

இப்போது அக்கா மஸ்கட்டில் தங்கையோடு இருக்கிறார். நேரலை நின்றுவிட்டது. ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே சொளவுல ஆயுதோம். நடுவுல போன் எதுக்குட்டி?" என்றார்.

கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பேசமாட்டார். அக்காவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். நேரலையில் பேசுகிறவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். "எல்லாரும் எப்படி இருக்கீங்க" என்று கேட்டு, அதே மூச்சில் "நல்லா இருக்கீங்களா, சூப்பர்" என்று தாங்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். அக்கா அப்படி இல்லை. "ஷார்ஜாக்காரி, இன்னைக்கு என்ன கீரை?" என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒரு இலை. இன்னொரு இலை. படத்தில் ஒன்றும் நடக்காது. பார்க்கிற எனக்கு, யாராவது ஏதாவது பேசுங்களேன் என்று தோன்றும். அப்புறம், சாவகாசமாக, "பசலைக்கா" என்று ஒரு வரி வந்து விழும்.

ஒரு நாள் படி இறங்கும்போது என் கணவர்தான் விளக்கினார். "நீங்க பேசுதது இங்கேருந்து மேல போயி, சுத்தி அவுக போனுக்கு எறங்கணும்லாக்கா. பொறவு அவுக எழுதணும். பத்து பன்னெண்டு செகண்டு ஆயிரும்."

"தெரியுமே" என்றார் அக்கா. "எட்டு எலை."

அவர் அளந்து வைத்திருந்தார். அரைக்கீரை என்றால் எட்டு இலை. முருங்கை என்றால் இரண்டு ஈர்க்கு உருவ வேண்டும். சின்ன வெங்காயம் என்றால் ஒன்றரை. அதற்குள் பதில் வரவில்லையா, இன்னும் எட்டு இலை. "அவளுக்குக் கை ஈரமா இருக்கும். தொடச்சிட்டுல்லா எழுதணும்" என்பார். அதற்கும் வரவில்லையா, மேலும் எட்டு. "பிள்ளை அழுதிருக்கும்." பதில் சொல்லாதவர்களுக்கு அக்கா கண்டுபிடிக்கும் காரணங்களுக்கு அளவே கிடையாது. ஒருவரைக்கூட அவர் விட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனதாக எனக்கு நினைவில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி, கரையோர ஊர்களுக்கெல்லாம் கரண்டும் போனும் இல்லாமல் போயிற்று. எங்கள் பக்கம் மறுநாள் திரும்பிவிட்டது. பதினோரு மணிக்கு அக்கா தளத்தில் வந்து உட்கார்ந்தார். கீரைக்காரி வரவில்லை, வீட்டில் ஒரு கொத்து முருங்கை மட்டும் இருந்தது. ஷார்ஜாக்காரிக்கு அம்பாசமுத்திரம் பக்கம் அம்மா வீடு. இரண்டு நாளாக அம்மாவின் போன் கிடைக்கவில்லை. மற்றவர்கள் "ஒன்றும் ஆகாது", "கடவுள் இருக்கார்" என்று வரிசையாக எழுதினார்கள். அக்கா அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. "அடிச்சுப் பாரு. நாங்க இங்கனதான் இருக்கோம்" என்றார். முருங்கை முடிந்தது. அரிசியில் கல் பொறுக்கினார். அது முடிந்ததும் உளுந்தைப் பரப்பிக்கொண்டார். இடையிடையே, "கெடச்சிட்டா?" என்று மட்டும் கேட்பார். அவ்வளவுதான். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லக்கூடாதா, இது என்ன கல்மனசு என்று உள்ளுக்குள் கோபப்பட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசியில் "கெடச்சிட்டுக்கா. மாடியில இருந்திருக்காவ" என்று வந்தது. அக்கா உளுந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு, "சரி. அடுப்பப் பாருங்க" என்றார். வெகுநாள் கழித்து ஷார்ஜாக்காரி எனக்குத் தனியாக எழுதினாள்: அன்றைக்கு என்னோடு பேசாமல் இருந்தது அக்கா மட்டும்தான், அதனால்தான் என்னால் உட்கார முடிந்தது.

அக்கா அவசரப்பட்டது ஒரே ஒரு நாள். பெருமாள்புரத்திலிருந்து ஒரு பெண் அக்காவைப் பார்க்க வந்தாள். அவளும் நேரலை நடத்துகிறவள், ஏராளமானவர்கள் பார்க்கிறார்களாம். படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அக்காவுக்கு நல்லது சொன்னாள்.

"மொதல் மூணு செகண்டுல ஆளப் பிடிக்கணும்க்கா."

"பிடிச்சி?"

"விடக்கூடாது. பேசிக்கிட்டே இருக்கணும். கேப் விட்டா ஓடிருவாங்க."

"ஓடுதவளப் பிடிக்க நான் என்ன போலீசா?" என்றார் அக்கா. ஆனாலும் வீடு தேடி வந்து சொன்ன பிள்ளைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று மறுநாள் செய்து பார்த்தார். பாட்டு ஓடியது. கை பறந்தது. கேள்விக்குப் பதிலை அவரே சொன்னார். கால் மணி நேரத்தில் கட்டுக் கீரை தீர்ந்தது.

அதற்கு அடுத்த நாள் அக்கா உட்கார்ந்ததும் சொன்னது இது: "நேத்து வெரசா ஆஞ்சேன். மத்தியானம் கொழம்புக்குள்ள புழு கெடந்துது. நீங்களும் எங்கூடத்தான ஆஞ்சிய. அவுகவுக சட்டியப் பாத்துக்கிடுங்க." சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எட்டாவது இலையில் தாம்பரத்திலிருந்து வந்தது: "எங்க வீட்டுலயும் இருந்துச்சுக்கா. இவங்க சாப்ட்டாச்சு."

அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்துத்தான் போடுவார். வேகம் இன்னும் குறைந்தது. ஆட்கள் கூடினார்கள்.

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று சொல்லவில்லை. திரையில் வரும் எழுத்து பொடி எழுத்து. அக்காவுக்குக் கண்ணாடி போட்டாலும் அந்தத் தூரத்திலிருந்து தெரியாது. முன்னால் குனிந்தால் முகம் படத்தில் விழுந்துவிடும். அதனால், "ஏட்டி, சும்மாதான இருக்க? வந்து வாசி" என்று ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். நான் சும்மா இல்லை. ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. ஆனாலும் போனேன். போனுக்குப் பின்னால் நான்காவது படியில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, என் போனில் வரும் வரிகளை வாசித்துச் சொல்வேன்.

மகளுக்குப் பெயர் காந்திமதி. நாங்கள் மதி என்று கூப்பிடுவோம். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அக்காதான். அக்கா ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், ஆனால் எங்கள் அம்மன் பெயரை வெட்டிக் கூப்பிட அவருக்கு மனசு வரவில்லை. "வச்ச பேர எதுக்குட்டி பாதியாக்குத? பேரு என்ன தண்டா, நறுக்கிப் போட?" என்பார்.

அந்தக் காந்திமதி பேசவில்லை. அதுதான் அந்த நாட்களில் என் நெஞ்சில் கிடந்த ஒரே கல். இரண்டே முக்கால் வயதிலும் வீட்டுக்குள் "ம்மா", "தண்ணி", "வேண்டாம்" என்று நாலைந்து சொல். வெளியாள் யாராவது வந்தால் அதுவும் கிடையாது. டாக்டர் காதைப் பரிசோதித்தார், நன்றாகக் கேட்கிறது. சொன்னதெல்லாம் புரிகிறது, பொறுங்கள், பிள்ளையோடு பேசுங்கள் என்றார். பொறுங்கள் என்றதை மறந்துவிட்டேன். பேசுங்கள் என்றதைப் பிடித்துக்கொண்டேன். விடிந்ததிலிருந்து பேசினேன். இது என்ன, காக்கா. காக்கா என்ன நிறம், கறுப்பு. இது யாரு, அப்பா. கேள்வியும் நான், பதிலும் நான். அம்பாசமுத்திரத்திலிருந்து மைனி, என் கணவரின் அண்ணன் மனைவி, வாரம் ஒருமுறை போனில் கேட்பார்: "இன்னும் வாயத் தொறக்கலியா? எங்க மவ ரெண்டு வயசுல தேவாரம் சொன்னாளே." நான் சிரித்துவிட்டுப் போனை வைப்பேன். வைத்துவிட்டு, கருவுற்றிருந்தபோது நான் எதையாவது சாப்பிடாமல் விட்டேனா, எதையாவது பார்க்கக்கூடாததைப் பார்த்தேனா என்று உட்கார்ந்து யோசிப்பேன்.

வாசிக்கும் வேலையிலும் என் புத்தி அப்படித்தான் இருந்தது. அக்கா கேள்வி கேட்பார். இரண்டு இலைக்கு மேல் என்னால் தாங்க முடியாது. "தண்டங்கீரையா இருக்கும்க்கா, நேத்து அவங்க அதான் சொன்னாங்க" என்று நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள், நேரலையிலேயே, கையை நிறுத்தாமல் சொன்னார்:

"நீ ஏம்ட்டி அவுக வாய்க்குள்ள பூந்து பேசுத?"

நாற்பது பேர் கேட்டார்கள். எனக்கு முகம் எரிந்தது. எட்டு இலை கழித்து மூன்று பேர் சிரிப்புப் படம் அனுப்பினார்கள். மடியில் இருந்த மதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அன்றைக்குப் புரிந்துகொள்ளவில்லை. இப்போது புரிந்த மாதிரி இருக்கிறது. அதுவும் நானாக அவள் வாய்க்குள் புகுந்து சொல்வதாகக்கூட இருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரம் வந்தது. நாங்கள் ஆசைப்பட்ட பள்ளியில் பிள்ளையை அழைத்துவரச் சொல்வார்கள். பெரிய பரீட்சை ஒன்றும் இல்லை. பெயர் கேட்பார்கள், இரண்டு படம் காட்டுவார்கள். இரண்டு வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. "உன் பேர் என்ன? மதி. சொல்லு, மதி. உன் பேர் என்ன?" அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். 

அங்கே போனோம். டீச்சர் நல்ல மாதிரி. குனிந்து, "உன் பேர் என்ன கண்ணு?" என்று கேட்டார். "மதி" என்றேன் நான். "என்ன கலர் பிடிக்கும்?" "சிவப்பு" என்றேன் நான். டீச்சர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. "அடுத்த திங்கக்கெழம கூட்டிட்டு வாங்கம்மா. பிள்ள சொல்லட்டும். அன்னைக்கும் பேசலைன்னா அடுத்த வருஷம் பாப்போம், அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். அவசரம் இல்லை என்று அவர் சொன்னது எனக்கு, உன் பிள்ளைக்கு ஏதோ குறை என்று சொன்னது போலக் கேட்டது. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் மதியின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை நேரலையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் குரல் உடைந்தது. "மஸ்கட்டுலேருந்து ஒங்க தங்கச்சி கேக்காங்க, இன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் நாற்பது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. விஷயம் அவருக்குத் தெரியும். போனைப் பார்த்து, "வாசிக்குத பிள்ளைக்கு இன்னைக்கு முடியல. ஆயுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு, ஷார்ஜாக்காரியைக் கேட்கிற அதே குரலில், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"ஏட்டி காந்திமதி. ஒனக்கு இன்னைக்கு என்ன கீரை?"

ஒரு இலை. இரண்டு இலை. என் வாய் தானாகத் திறந்தது. அக்கா தண்டு குவித்திருந்த பக்கத்திலிருந்து ஒரு தண்டை எடுத்து என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். மூடிக்கொண்டேன். மூன்று, நான்கு. ஆறு. எட்டு. மதி என் மடியிலிருந்து இறங்கி, ஒரு படி இறங்கி உட்கார்ந்தாள். திரையில் ஒரு வரிகூட வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது. பதினாறு. ஒரு லாரி தெருவில் போயிற்று. அக்காவுக்கு அதனால் எந்த வித்தியாசமும் இல்லை. இலையை எடுப்பார், திருப்புவார், போடுவார். இருபதுக்கு மேல் எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. மதி இன்னொரு படி இறங்கினாள். இப்போது அவளுடைய சின்னக் கால் இரண்டும் படத்தில் விழுந்தன. அக்கா ஒரு இலையை எடுத்தார். அதைத் திருப்பவில்லை. அப்படியே நல்ல இலைகளின் மேல் வைக்கப் போனார்.

"புழு!" என்றாள் மதி.

வெளியாள் முன்னால் என் மகள் சொன்ன முதல் சொல். தெளிவாக, ழகரம் உட்பட. அவள் கை இலையின் அடிப்புறத்தைக் காட்டியது. பச்சை நிறத்தில், நூல் கனத்தில், அது நெளிந்துகொண்டிருந்தது.

"ஆண்டவரே" என்றார் அக்கா. "நல்ல வேளை சொன்ன. கொழம்புக்குல்லா போயிருக்கும்." இலையைப் படிக்கு வெளியே சுண்டிவிட்டு அடுத்த இலையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். கைதட்டவில்லை. இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கவில்லை. எட்டு இலை கழித்துத் திரை நிரம்பியது. நான் வாசிக்கவில்லை. என்னால் எழுத்தே பார்க்க முடியவில்லை.

அக்கா அந்த இலையை வேண்டுமென்றே திருப்பாமல் விட்டாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். பிறகு ஒரு நாள் கேட்டுவிட்டேன். "ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? புழுவ நான் எங்கன போயி வாங்க?" என்றார். அது பதிலா இல்லையா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மறுபடி அதே நாற்காலி. அதே டீச்சர்.

"உன் பேர் என்ன கண்ணு?"

என் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். விரலால் ஒன்று என்று கிள்ளினேன். இரண்டு. மதி மேசைமேல் சுற்றும் சின்ன மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று. நான்கு. விசிறி அந்தப் பக்கம் போனது, அவள் கண்ணும் போனது. ஐந்து. ஆறு. டீச்சர் என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். "சரிம்மா, அப்ப..." என்று ஆரம்பித்தார்.

டீச்சர் பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கம் இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரு நாளும் பேசியதில்லை.

"இன்னும் ரெண்டு எலை இருக்கு டீச்சர்" என்றேன்.

"என்னது?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். கொஞ்சம் பொறுங்க."

ஏழு. எட்டு. ஒன்றும் நடக்கவில்லை. டீச்சரின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. கை ஈரமாக இருக்கும், துடைத்துவிட்டு எழுத வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒன்பது. பத்து. விசிறி இந்தப் பக்கம் திரும்பியது. அதோடு மதியும் திரும்பி, டீச்சரைப் பார்த்து, "காந்திமதி" என்றாள்.

நாங்கள் ஒத்திகை பார்த்தது மதி என்றுதான். முழுப் பெயரை அவள் யாரிடம் கேட்டு வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்து, பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில் நின்று போனை எடுத்தேன். மணி பதினொன்றே கால். அக்கா நேரலையில் இருந்தார். அன்றைக்கு வாசிக்க ஆள் இல்லை. "எழுத்து ஒண்ணும் எனக்குத் தெரியல. சும்மா ஆயுங்க" என்று சொல்லியிருக்கிறார் போல. திரையில் யாரும் எதுவும் எழுதவில்லை. முகவாய்க்கட்டை, சங்கிலி, சுளகு, கைகள். ஒரு வருடமாக அந்தப் போனுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தவள், அன்றைக்கு வெளியாளாக நின்று பார்த்தேன்.

எழுதினேன்: "சொல்லிட்டாக்கா."

ஒரு இலை. திருப்பிப் பார்த்து, போட்டார். இரண்டு. மதி என் சேலையைப் பிடித்து இழுத்து, தண்ணி என்றாள். மூன்று, நான்கு. நான் அனுப்பியது மேலே போய், சுற்றி, எங்கள் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து. ஆறு. ஏழு. எட்டாவது இலையைக் கையில் எடுத்தவர், அப்படியே நிறுத்திவிட்டார். அந்தக் கைகள் நிற்பதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

பிறகு படம் முழுவதும் முகம் வந்தது. மூக்கில் இறங்கிய கண்ணாடி, நெற்றியில் ஒட்டிய நரைமுடி, எழுத்துக் கூட்டும் உதடு. "சொல்... லிட்... டா..." அக்கா முன்னால் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். முகம் முகம் என்று கீழே வரிகள் பொங்கிக்கொண்டு வந்தன. அவர் அதை எதையும் பார்க்கவில்லை.

"என்ன பேரு சொன்னா?" என்று கேட்டார்.

நான் தண்ணி பாட்டிலைத் திறந்து மகளிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்து, கையைத் துடைத்து, முழுப் பெயரையும் எழுதி அனுப்பினேன். அது போய்ச் சேரும்வரை அக்காவின் முகம் அங்கேயே இருந்தது. எடுத்த இலை விரலிடுக்கிலேயே இருக்க, இன்னொரு இலையை அவர் தொடவில்லை.